காலைத் தட்டில் மீன் எங்கே?

மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் எந்தக் கரையில் போய் நின்றாலும் விடிகாலையில் கண்ணில் படுவது மீன்தான். முந்தின நாள் காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போன விசைப்படகுகள் மறுநாள் விடியும்போது கரை பிடிக்கும். கூடைகள் இறங்கும், ஏலம் நடக்கும், ஐஸ் உடைபடும், வண்டிகள் கிளம்பும். அந்த நேரத்தில் கூப்பிடு தூரத்து வீடுகளில் என்ன சாப்பிடுகிறார்கள்? இட்லியும் தேங்காய்ச் சட்னியும். இல்லையென்றால் கடைப் பரோட்டாவும் சால்னாவும். அதுவும் இல்லையென்றால் டீயும் பன்னும். மீன் மதியத்துக்கு. குழம்பு கொதிக்க மணி பன்னிரண்டாகிவிடும். இத்தனை மீன் இறங்கும் கரையில், மீன் இல்லாத வேளை காலைவேளை.

நான் மனையியல் படித்தவள். மகளிர் குழுக்களோடு வேலை என்பதால் பல ஊர்களின் அடுப்படிகளை அருகிலிருந்து பார்க்கிறேன். பெண்களோடு உட்கார்ந்து பேசும்போது ஒரு முறையீடு திரும்பத் திரும்ப வரும். "காலையில நல்லாத்தான் சாப்பிடுறேன். பதினோரு மணிக்கெல்லாம் வயிறு கிள்ளுது. கை காலெல்லாம் ஓஞ்சு போகுது." அந்த நேரத்துக்கு ஒரு வடை, சீனி தூக்கலாய் ஒரு டீ. பிறகு மதியத்தில் குவித்துப் போட்ட சோறு. இதை அவர்கள் தங்கள் உடம்பின் பலவீனம் என்று நினைக்கிறார்கள். எனக்கோ அது காலைத் தட்டில் புரதம் குறைந்ததன் விளைவு என்றே படுகிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் கணக்கு. ஒரு நடுத்தர இட்லியில் இரண்டு கிராமுக்கும் குறைவான புரதம்தான் இருக்கிறது. மூன்று இட்லி தின்றால் ஐந்து, ஆறு கிராம். சாம்பார் கெட்டியாக இருந்தால் இன்னும் இரண்டு, மூன்று கிராம் சேரும். தேங்காய்ச் சட்னியை இந்தக் கணக்கில் பெரிதாகச் சேர்க்க முடியாது. பன்னும் டீயும் என்றால் அதைவிடக் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது சுமார் 46 கிராம். காலையில் ஆறு கிராமோடு நாளைத் தொடங்கினால் மீதி நாற்பதையும் மதியமும் இரவும்தான் சுமக்க வேண்டும். மீன்குழம்பில் துண்டுகள் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய், கடைசியில் உட்காருகிற பெண்ணுக்குச் சாறு மட்டும் மிஞ்சும் வீடுகளில் அது நடப்பதில்லை.

படகில் நிலைமையே வேறு. கடலுக்குப் போகிறவர்கள் அரிசியும் மிளகாய்த்தூளும் புளியும் எடுத்துப்போய், பிடித்த மீனையே அங்கே ஆக்கிச் சாப்பிடுகிறார்கள். வலை வாங்கிய கையோடு குழம்பு கொதிக்கும். அவர்களுக்கு விடிகாலைச் சோற்றிலும் மீன் உண்டு. என் அம்மாச்சி காலத்தில் கரையிலிருந்தவர்களுக்கும் கொஞ்சம் உண்டு. பழைய சோற்றுக்கு முந்தின நாள் மீன்குழம்பைச் சுண்ட வைத்து ஊற்றுவார்கள். குழம்பு இல்லாத நாளில் தணலில் சுட்ட கருவாடு. இட்லி அன்றைக்கு நல்ல நாள், பெரிய நாள் பலகாரம். கிரைண்டர் வந்தது, மாவு பாக்கெட்டில் வந்தது, தெருமுனையில் டீக்கடை வந்தது. காலையில் மீன்வாடை வேண்டாம் என்கிற எண்ணமும் பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் போகிறவர்களிடம் கூடவே வந்து சேர்ந்தது. பழைய சோற்றைக் கைவிட்டபோது அதோடு வந்த குழம்பும் கருவாடும் போய்விட்டன. அதைத்தான் நான் இழப்பு என்பேன்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். இரைப்பை காலியாக இருக்கும்போது அதன் சுவரிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து மூளைக்குப் பசியைச் சொல்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் 1999-இல் இதைக் கண்டறிந்தார்கள். சாப்பிட்டதும் இதன் அளவு இறங்கும். எதிர்ப்பக்கத்தில் குடலிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் மூன்று முக்கியமானவை. கோலிசிஸ்டோகைனின் சிறுகுடலின் மேல்பகுதியிலிருந்து வருகிறது. ஜிஎல்பி-1, பிஒய்ஒய் இரண்டும் பெரும்பாலும் குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து வருகின்றன. இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, 'போதும்' என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. எடை குறைக்க இப்போது பணம் படைத்தவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்துகள் போலச் செய்வது இந்த ஜிஎல்பி-1-ஐத்தான். புரதம் மிகுந்த உணவு இந்த மூன்றையும் தூண்டுகிறது. கிரெலினையும் கூடுதல் நேரம் அடக்கி வைக்கிறது. தவிர, புரதத்தைச் செரிக்கவே உடம்புக்குச் செலவு அதிகம். அது தரும் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடு செரிமானத்திலேயே போய்விடும். மாவுச்சத்துக்கு அது 5 முதல் 10 விழுக்காடுதான்.

பதினோரு மணிப் பசிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மாவும் சீனியுமாகச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை வேகமாக ஏறுகிறது. சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் அது தொடங்கிய இடத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1,070 பேரைச் சர்க்கரை அளக்கும் கருவியோடு தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. இந்த இறக்கம் அதிகமாக இருந்தவர்கள் அடுத்த உணவைச் சுமார் அரை மணி நேரம் முன்கூட்டியே சாப்பிட்டார்கள். ஒரு நாளில் 300 கலோரிக்கும் மேல் கூடுதலாக உண்டார்கள். "நல்லா சாப்பிட்டும் கிள்ளுது" என்று எங்கள் பெண்கள் சொல்வது சோம்பலோ பேராசையோ இல்லை. அளந்து பார்க்கக்கூடிய ஒன்று அது.

காலைப் புரதத்தை நேரடியாகச் சோதித்தவர்களில் முக்கியமானவர் ஹெதர் லைடி. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் அவர் குழு செய்த ஆய்வு 2013-இல் வந்தது. காலை உணவைத் தவிர்க்கும் பழக்கமும் கூடுதல் எடையும் உள்ள, இருபது வயதை ஒட்டிய பெண்கள் 20 பேர் அதில் கலந்துகொண்டார்கள். சில நாட்கள் காலையில் எதுவும் இல்லை. சில நாட்கள் 350 கலோரியில் 13 கிராம் புரதம். சில நாட்கள் அதே 350 கலோரியில் 35 கிராம் புரதம். காலை உணவு எதுவானாலும் பசி குறைந்தது. 35 கிராம் சாப்பிட்ட நாட்களிலோ வயிறு நிறைந்த உணர்வு நாள் முழுக்க மேலோங்கி இருந்தது. உணவுப் படங்களைக் காட்டியபோது ஆசையைத் தூண்டும் மூளைப் பகுதிகளின் பரபரப்பும் அடங்கியிருந்தது. முக்கியமாக, சாயங்காலத்துக்குப் பிறகு கொறிப்பது குறைந்தது. காலையில் தின்றதன் பலன் பொழுது சாய்ந்த பிறகும் தெரிந்தது என்பதுதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது. 2005-இல் வெளிவந்த, கூடுதல் எடையுள்ள 30 பெண்களிடம் செய்த ஆய்விலும், காலையில் முட்டை சாப்பிட்டவர்கள் அதே கலோரிக்கு ரொட்டி சாப்பிட்டவர்களைவிட மதியத்தில் குறைவாக உண்டார்கள்.

அதற்காகப் புரதம் ஒன்றே எல்லாம் என்று சொல்ல மாட்டேன். 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்துக்கொண்டால் மீன் 225 வாங்கியது. முட்டை 150. வெள்ளரிசிச் சோறு 138. எல்லாவற்றையும் மிஞ்சி 323 வாங்கியது அவித்த உருளைக்கிழங்கு, அதில் புரதம் மிகக் குறைவு. நீரும் நாரும் கனமும் வயிற்றை நிரப்புகின்றன என்பதற்கு அது சாட்சி. ஆனாலும் அந்தப் பட்டியலில் கிழங்குக்கு அடுத்த இடத்தில் நிற்பது மீன். மாட்டிறைச்சியையும் முட்டையையும் தாண்டி நிற்கிறது. கடலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இந்த ஒரு வரி போதாதா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காலை உணவு உண்டாலே எடை குறையும் என்று பலர் நம்புகிறார்கள். 2019-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, காலை உணவு சாப்பிட்டவர்கள் சாப்பிடாதவர்களைவிட நாளுக்குச் சுமார் 260 கலோரி கூடுதலாகவே உண்டிருந்தார்கள். புரதம் கூட்டிய காலை உணவை ஆராய்ந்த பல ஆய்வுகளிலும் பசி அடங்கியது, ஆனால் மதியச் சோறு குறையவில்லை. ஆகவே எடை குறைக்கும் மருந்தாக இதை நான் முன்வைக்கவில்லை. பசி கட்டுக்குள் இருப்பது, முற்பகலில் உடம்பு ஓயாமல் இருப்பது, கண்டதைத் தின்னத் தோன்றாமல் இருப்பது இவையே எனக்குப் பெரிய விஷயம். வெயிலிலும் உப்புக்காற்றிலும் உடலை வைத்து உழைக்கிறவர்களுக்கு எடையைவிட இதுதான் முக்கியம்.

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் என் மதினியைப் பற்றிச் சொல்கிறேன். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போடுகிற வேலை. நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குவார்கள். மணிக்கணக்காகக் கடலுக்குள்தான். பல நாள் பார்த்துவிட்டு, "என்ன மதினி, வெறும் டீத்தண்ணியோட எறங்குறீங்க?" என்று கேட்டேன். "வயித்துல கனமாக் கெடந்தா முங்க முடியாதும்மா. நெஞ்சுக்கு ஏறிக்கிட்டு வரும். இட்லி தின்னுட்டுப் போனா தண்ணிக்குள்ள பொரட்டும். தின்னாமப் போனா பாதியில கண்ணு இருட்டும். ரெண்டுல எதையாவது தாங்கித்தான் ஆகணும்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அவருக்கு வேண்டியது அளவில் சிறிதாக, இரைப்பையை உப்ப வைக்காமல், நெடுநேரம் தாங்குகிற சாப்பாடு. அதை அரிசியால் கொடுக்க முடியாது. இரண்டு அவித்த முட்டை ஒரு கைக்குள் அடங்கும், அதில் 12 கிராம் புரதம். இரவே ஊற வைத்து அவித்த பாசிப்பயறு ஒரு சின்னக் கிண்ணம், அதில் ஆறேழு கிராம். இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிடச் சொன்னேன். சில வாரம் கழித்துப் பார்த்தபோது அவராகவே பேச்சை எடுத்தார். "பதினோரு மணிக்குக் கை நடுங்குறது இல்லம்மா. கரைக்கு வந்தவுடனே சோத்துப் பானைய உருட்டுறதும் இல்ல. மத்தியானம் நெதானமா உக்காந்து திங்குறேன்." இப்போது அவரோடு போகும் பெண்களில் சிலரும் முட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள். ஒருவருடைய அனுபவம் ஆய்வாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் மேலே எழுதிய ஹார்மோன் கதையோடு ஒட்டி நிற்கிறது.

கீழக்கரையில் எனக்குத் தெரிந்த லாத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்கா) ஒருவர் வீட்டில் காலைப் பசியாற இடியாப்பத்தோடு இறால் ஆணமோ மீன் ஆணமோ, அதாவது குழம்பு, இருக்கும். இதை எங்கள் பக்கத்து ஊர்கள் அவர்களிடமிருந்து தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். இடியாப்பத்தைக் குறைத்து இறாலைக் கூட்டினால் அதைவிட நல்ல காலைச் சாப்பாடு இந்தக் கரையில் இல்லை. நோன்பு மாதத்தில் விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்துக்கும் இதே வழிதான். சோறும் வாழைப்பழமுமாக முடிக்காமல் முட்டையோ கறியோ தயிரோ சேர்த்தால் முற்பகல் எளிதாகக் கழிகிறது என்று அந்த லாத்தா சொல்வார்.

அப்படியென்றால் எவ்வளவு? லைடி கொடுத்த 35 கிராம் நம் வீடுகளுக்குப் பெரிய அளவு. ஒரு பெண்ணின் ஒரு நாள் தேவையில் முக்கால் பங்கு அது. இருபது கிராமை எட்டினாலே நான் மகிழ்வேன். சாளையோ சூடையோ நாலைந்து எடுத்தால் முள் போக 75 கிராம் சதை தேறும், அதில் சுமார் 15 கிராம் புரதம். அதோடு இரண்டு இட்லி போதும், மூன்றாவது தேவைப்படாது. திருக்கையோ பாறை மீனோ அவித்து உதிர்த்த புட்டு என்றால் இன்னும் சிறப்பு. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும் காரல் சாறும் கொடுக்கிற ஊர் இது, அந்த அக்கறையைத் தினமும் எல்லோருக்கும் கொடுத்தால் என்ன? சீலாவும் பெரிய இறாலும் வெளியூருக்குப் போகட்டும். சாளை, சூடை, நெத்திலி, காரல் இவற்றின் புரதம் அவற்றுக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை, விலைதான் குறைவு. மீன் தொடாதவர்களுக்குப் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, தயிர் இருக்கின்றன. பயற்றில் நாரும் சேர்ந்து வருவதால் வயிறு நிறைந்து நிற்பது கூடுதல்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும். அந்த இரண்டு மாதத்துக்கு முட்டையும் பயறும் கை கொடுக்கும். கருவாடு புரதத்தில் மிகச் செறிவானது. ஆனால் உப்பும் மிக அதிகம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதைத் தினசரிக் காலைத் துணையாக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எந்தப் புரதத்தையும் மருத்துவரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி எனக்கு ஓர் ஆசை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. கடலோரக் கிராமங்களில் அது எத்தனை பிள்ளைகளை வெறும் வயிற்றிலிருந்து காப்பாற்றுகிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா கடலில், அம்மா ஏலக்கரையில் என்றிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்த உப்புமாவும் பொங்கலும் சாம்பாரும் பெரிய வரம். முட்டை மதியச் சத்துணவில் வருகிறது. அந்த முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ காலைத் தட்டுக்கும் வந்தால், பத்து மணிப் பாடவேளையிலும் பன்னிரண்டு மணிப் பாடவேளையிலும் பிள்ளைகள் ஒரே தெம்போடு உட்காருவார்கள் என்று நம்புகிறேன். சாம்பாரில் பருப்பைக் கெட்டியாக்குவது அதைவிடச் சுலபம், நாளைக்கே செய்யலாம்.

காலையில் மீன் ஆக்க நேரமில்லை என்பது எல்லோரும் சொல்கிற தடை. உண்மைதான். இறங்குகிற மீன் வீட்டுக்கு வந்து, ஆய்ந்து, அலசி, குழம்பாவதற்குள் பிள்ளைக்குப் பள்ளி மணி அடித்துவிடும். அதனால் முந்தின நாள் மீன்தான் வழி, அம்மாச்சிகள் செய்ததும் அதுதான். ஆனால் அதில் ஒரு கவனம் வேண்டும். சாளை, சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் பச்சையாக வெளிச்சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். அது கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தலை வலித்து, வயிறு பிரட்டுவதற்கு அதுவே காரணமாகும். ஆகவே மீன் வந்தவுடன் ஆய்ந்து ஐஸிலோ ஃபிரிட்ஜிலோ வைத்துவிடுங்கள், அன்றே ஆக்கிவிடுங்கள். காலைக்கென்று வேண்டியதைக் குழம்பு ஆறியதும் தனியாக மூடி ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் அந்தப் பங்கை மட்டும் நன்றாகக் கொதிக்கச் சுட வையுங்கள். துண்டுகளையும் அப்போதே எண்ணிப் பிரித்து வைத்துவிட்டால், கடைசியில் சாப்பிட உட்காருகிறவருக்கும் மீன் இருக்கும்.